பாடநெறியின் வாசலில் ஒரு வரவேற்பு

(இணையவழிப் பாடநெறிகளின் ஒருங்கிணைப்பாளர்களுக்காக நடைபெற்ற பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடம் எழுதுவது பற்றியும், தேர்வு வினாக்களை அமைப்பது பற்றியும் இம்முகாமில் இரண்டு நாட்களாகப் பேசி வருகிறீர்கள். எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மிகச் சிறிய பொருள்: பாடநெறியில் சேருமுன் மாணவர் பார்க்கும் வரவேற்புக் காணொளி. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டுமா என்று அமைப்பாளர்களிடம் நானே கேட்டேன். இந்தச் சிறு வேலையில் நான் ஒரு முறை நன்றாகவே தவறியவன் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, என்னை விடவில்லை.

திரையின் வழியே கல்வி தரும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக் கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு, தூரதர்ஷன் வாயிலாக உயர்கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தொடங்கியது. 2017 ஜூலையில் ‘ஸ்வயம்’ தளம் தொடங்கப்பட்டது. இவற்றுக்கிடையே நிகழ்ந்த மாறுதல்களில் தொழில்நுட்ப மாறுதலை எல்லோரும் பேசுகிறோம். பேசாமல் விடுவது ஒன்று உண்டு. 1975இல் கிராமத்துப் பெட்டியின் முன் ஒரு கூட்டம் அமர்ந்திருந்தது. புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். ‘இது உனக்கு வேண்டியதுதான், உட்கார்’ என்று சொல்லவும் ஒருவர் இருந்தார். இன்றைய மாணவர் கைப்பேசியுடன் தனியே அமர்ந்திருக்கிறார். கல்லூரி வாசலில் வழி சொல்லும் காவலாளிகூட அவருக்கு இல்லை. அந்த இடத்தில் நாம் நிறுத்துவது இந்தக் காணொளி ஒன்றைத்தான்.

மற்றொரு செய்தியையும் நினைவிற் கொள்ள வேண்டும். ‘ஸ்வயம்’ பாடநெறிகளின் வாயிலாக ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரை மதிப்பலகு பெறலாம் என்று 2016இல் விதி செய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டு விதிகள் அதனை 40 விழுக்காடாக உயர்த்தின. ஆகவே இவை ஓய்வு நேரப் படிப்பு என்ற நிலையைக் கடந்துவிட்டன. தவறான பாடநெறியைத் தேர்ந்து நடுவில் கைவிடும் மாணவர் பட்டத்திலேயே பின்தங்கக்கூடும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பொருளாதாரப் பணிகளுக்கான அடிப்படைப் புள்ளியியல் என்னும் 12 வாரப் பாடநெறி ஒன்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வரவேற்புக் காணொளியைப் பெருமையுடன் தயாரித்தோம். வீணையிசை, நிறுவனக் கட்டடத்தின் வான்வழிக் காட்சி, குத்துவிளக்கு, மேலதிகாரிகள் நால்வரின் வாழ்த்துரை, பிறகு நான், மேலங்கியும் கழுத்துப் பட்டையும் அணிந்து, 12 வாரத் தலைப்புகளையும் வரிசையாக வாசித்தேன். மொத்தம் 9 நிமிடம். வெளியிட்ட அன்று எங்கள் அலுவலகத்தில் இனிப்பு வழங்கினார்கள்.

அடுத்த மாதம் வேறொரு பணியாகச் சத்தீஸ்கரின் மாவட்டத் தலைநகர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே புள்ளிவிவரப் பிரிவில் பணியாற்றிய இளம்பெண் ஒருவர், அந்தப் பாடநெறியில் பெயர் பதிந்து, முதல் பாடத்தைத் தொடாமலே விட்டுவிட்டதாகக் கூறினார். அந்தப் பாடநெறி என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நேரமில்லையா என்று கேட்டேன். “நேரம் இருந்தது, ஐயா. நான் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவள். எனக்கு இது வருமா வராதா என்று அந்தப் படத்தில் யாருமே சொல்லவில்லை. தொடர்புப் போக்கு, கருதுகோள் சோதனை என்று என்னென்னவோ வாசித்தார்கள். எனக்கானது இல்லை போலும் என்று மூடிவிட்டேன்” என்றார்.

உண்மை என்னவென்றால், விழுக்காடு கணக்கிடவும் வரைபடம் வரையவும் தெரிந்தவர் அந்தப் பாடநெறியைத் தாராளமாகப் படிக்கலாம். அவரைப் போன்ற களப் பணியாளர்களுக்காகவே அதனை எழுதியிருந்தோம். ஒன்பது நிமிடம் பேசிய நாங்கள், அவர் கேட்க விரும்பிய ஒரு வாக்கியத்துக்கு இடம் ஒதுக்கவில்லை.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையை இங்குள்ள பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை பழுதுபடுகிறது. பாடநெறியும் அத்தகைய பண்டமே. படித்துப் பார்த்த பிறகுதான் அதன் தன்மை தெரியும். கட்டணமில்லாத படிப்புதானே, இழப்பு என்ன என்று நாம் எண்ணுகிறோம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் 12 வாரத்துக்கு 72 மணி நேரம். அது எட்டு மணி நேர வேலை நாட்கள் ஒன்பதுக்குச் சமம். கூலி வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கும் மாணவருக்கும், வீட்டு வேலை முடித்து இரவில் அமரும் பெண்ணுக்கும் அது பெரிய முதலீடு. முதலீட்டைக் கேட்பவர் விவரம் சொல்ல வேண்டாமா?

மறு ஆண்டு அந்தக் காணொளியை மாற்றினோம். என் மேசையின் முன் அமர்ந்து 2 நிமிடம் 40 விநாடி பேசினேன். முதல் வாக்கியமே, “பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், மறந்திருந்தால் முதல் வாரத்தில் நினைவூட்டுவோம்” என்பது. அதன்பின் ஒரு ரேஷன் கடை இருப்புப் பதிவேட்டின் பக்கத்தைக் காட்டி, இந்த எண்களிலிருந்து எந்த மாதம் சரக்கு தட்டுப்படும் என்று பாடநெறியின் முடிவில் உங்களால் கணிக்க முடியும் என்றேன். தலைப்புப் பட்டியலை அடியோடு விட்டுவிட்டோம். அதுதான் பக்கத்தில் எழுத்தில் இருக்கிறதே. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும், பயிற்சித் தாளும் இறுதித் தேர்வும் எவ்வாறு மதிப்பெண்ணில் சேரும், படிப்புக்குக் கட்டணமில்லை என்றாலும் சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் உண்டு என்பவற்றைச் சொன்னேன். ஐயம் எழுந்தால் எங்கே எழுதுவது, யார் பதிலளிப்பார் என்பதையும் காட்டினேன்.

இன்னொன்றும் சேர்த்தேன். “நான்காவது வாரம் கடினமாக இருக்கும். நிகழ்தகவு என்ற பகுதி அங்கே வருகிறது. நான் மாணவனாக இருந்தபோதும் அங்கேதான் தடுமாறினேன். அந்த வாரம் விட்டுவிடாதீர்கள், ஐந்தாவது வாரத்துக்கு வந்து சேருங்கள்” என்றேன். கடினம் என்று சொன்னால் மாணவர் ஓடிவிடுவார் என்று எங்கள் குழுவில் இருவர் அஞ்சினார்கள். என் எண்ணம் வேறு. முன்கூட்டிச் சொல்லாவிட்டால், நான்காவது வாரத்தில் தடுமாறும் மாணவர் குறை தன்னுடையது என்று எண்ணிக்கொள்கிறார். முதல் தலைமுறையாகப் படிப்பவர் மிக விரைவில் எண்ணிக்கொள்கிறார்.

விளைவைப் புள்ளிவிவரமாகத் தர நான் துணியமாட்டேன். அந்த ஆண்டு பாடங்களிலும் சில மாறுதல்கள் செய்திருந்தோம், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் எங்களுக்கு வந்த வினாக்களின் தன்மை மாறிற்று. முன்னர், ‘சான்றிதழ் எப்போது கிடைக்கும்?’ என்பதே பெரும்பாலான வினா. பிறகு, ‘நான்காவது வாரம் வந்துவிட்டேன், நீங்கள் சொன்னது சரிதான்’ என்று தொடங்கும் கடிதங்கள் வரலாயின. சத்தீஸ்கரில் நான் சந்தித்த பெண் இரண்டாவது காணொளியைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் விசாரித்தபோது அவர் மாறுதலாகிச் சென்றிருந்தார்.

வாழ்த்துரைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். அரசு அலுவலகத்தில் பணியாற்றுபவர்கள் இந்த இடத்தில் சிரிக்கிறீர்கள், காரணம் தெரியும். மேலதிகாரியின் முகத்தை நீக்குவதற்கு எந்தக் கோப்பிலும் முன்னுதாரணம் இல்லை. வாழ்த்துரைகளைத் தனிக் காணொளியாக்கி நிறுவனத்தின் பக்கத்தில் வைத்தோம். எவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. நம் பணி பெரும்பாலும் பதிவு எண்ணிக்கையைக் கொண்டு அளக்கப்படுகிறது. மாதாந்திர அறிக்கையில் ‘பெயர் பதிந்தோர்’ என்ற கட்டம் முதலில் வருகிறது. ‘முடித்தோர்’ என்ற கட்டம் சில படிவங்களில் இருப்பதே இல்லை. நேர்மையான வரவேற்பு பதிவு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். தமக்கு ஏற்றதன்று என்று முதல் நாளே அறிந்து விலகுகிறவர் வேறொரு பாடநெறிக்குச் செல்வார். எட்டாவது வாரத்தில் விலகுகிறவர் எதற்கும் செல்லாமற் போகலாம். அறிக்கையில் இருவரும் ஒன்றே. இங்கு வந்துள்ள அதிகாரிகள் படிவத்தைத் திருத்தும் நிலையில் இருந்தால், தயவுசெய்து அதில் ஒரு கட்டத்தைக் கூட்டுங்கள்.

செய்முறை பற்றிச் சிறிது. அமெரிக்காவின் எட்எக்ஸ் தளத்துப் பாடங்களில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, குறுகிய காணொளிகளையே மாணவர்கள் ஊன்றிப் பார்க்கிறார்கள் என்றும், பெரும் செலவில் நிலையத்தில் எடுத்தவற்றைவிட ஆசிரியர் நேரில் பேசுவது போன்றவை ஈர்க்கக்கூடும் என்றும் காட்டியது. நம் அனுபவமும் அதுவே. ஒளிப்பதிவுக் கருவி உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். வெளிச்சம் முகத்தில் விழும்படி சன்னலை நோக்கி அமருங்கள். ஒலிக்குச் செலவிடத் தயங்காதீர்கள்; சட்டையில் செருகும் சிறு மைக் போதும், ஆனால் மின்விசிறியை நிறுத்த மறக்கலாகாது. படம் சற்று மங்கினால் மாணவர் பொறுப்பார். பேச்சுத் தெளிவாக இல்லையென்றால் பொறுக்கமாட்டார். என் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள் வருகின்றன. ஆகவே 250 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். எழுதியதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும் வேண்டாம். மூன்று முறை உரக்கப் படித்துவிட்டுத் தாளை மூடிவைத்துப் பேசுங்கள். இடையே ஓரிடம் தடுக்கினால் அப்படியே விட்டுவிடலாம்.

தேர்வு நாள், விண்ணப்பக் கடைசி நாள் போன்றவற்றைப் பேச்சில் சேர்க்காதீர்கள். அடுத்த பருவத்தில் அவை பொய்யாகிவிடும். அவற்றுக்கு எழுத்துப் பக்கமே ஏற்றது. திரையின் அடியில் பேச்சை எழுத்தாகத் தருவது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். செவித்திறன் குறைந்தவருக்கும், பேருந்தில் ஒலியின்றிப் பார்ப்பவருக்கும், உங்கள் மொழி இரண்டாம் மொழியாக உள்ளவருக்கும் அது உதவும். ஆங்கிலப் பாடநெறியாயினும் வரவேற்பையாவது மாநில மொழிகளில் தாருங்கள். இரண்டரை நிமிட உரையை மொழிபெயர்ப்பது ஒரு பிற்பகல் வேலை.

முடிந்தபின் எங்கே காட்டிப் பார்ப்பது? உங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டாதீர்கள். தலைப்பு விடுபட்டது என்பார். அந்தப் பாடத்தை அறியாத ஒருவரிடம் காட்டிவிட்டு, இதைப் படிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு நேரமாகும், ஐயம் வந்தால் எங்கே போவது என்ற மூன்றையும் கேளுங்கள். எங்கள் இரண்டாவது காணொளியை முதலில் பார்த்தவர் அலுவலகத்துக் கார் ஓட்டுநர். மூன்றில் இரண்டுக்குச் சரியாக விடை சொன்னார். மூன்றாவதற்காக மீண்டும் பதிவு செய்தோம்.

பிற்பகல் அமர்வில் நீங்கள் எழுதி வந்திருக்கும் வரவேற்புரைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் தாளை அருகிலிருப்பவரிடம், வேறு பாடத்துறையைச் சேர்ந்தவராகப் பார்த்து, கொடுத்து வையுங்கள்.