சாரத்தின் மூட்டு

கல்குடாக் கரையிலே கரைவலை இழுப்போர் சாரத்தை மடித்துக் கட்டி, காலைப் பின்னே ஊன்றி, கயிற்றிற் சாய்ந்து இழுக்கின்றனர். அந்த இழுவையும் உப்பு நீரும் வெயிலும் முதலிற் சோதிப்பது சாரத்தின் மூட்டையே. மருதமுனைக் கைத்தறியில் நெய்த நல்ல சாரமாயினும், மூட்டியவர் கை பிழைத்தால் அதன் ஆயுள் குறைவுதான்.

இதற்குக் காரணம் உண்டு. சாரத்தின் நீண்ட கரைகளில் ஊடை நூல் திரும்பி ஓடுவதால் அவை பிரிவதில்லை. வெட்டிய இரு முனைகளிலோ ஊடையைத் தடுக்க ஒன்றுமில்லை. ஒவ்வோர் இழையாக நழுவி விழும். விளிம்பை ஒட்டித் தைத்தால் தையல் அறாமலே துணி அதை விட்டு விலகிவிடும். ஆதலின் வெட்டுவாயை மூடுவதே மூட்டின் முதற் கடமை.

தைக்குமுன் துணியை நனைத்து உலர்த்துதல் வேண்டும். பருத்தி சுருங்கும்; பின்னர்ச் சுருங்கினால் மூட்டு நெளியும். நல்ல புறங்கள் இரண்டும் உள்ளே முகம் பார்க்க, ஒரு முனை மற்றதைவிடக் கால் அங்குலம் நீண்டிருக்குமாறு வைத்து, கட்டங்கள் நேர்படுகின்றனவா என்று பார்த்து நூலோட்டிக்கொள்ளலாம். அவசரக்காரர் இதை விட்டுவிடுவர். கோணற் கட்டம் அவர்களைக் காட்டிக்கொடுக்கும்! குறுகிய விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே முதல் தையல். பின்பு நீண்ட விளிம்பைக் குறுகியதன்மேல் மடித்து, துணியை விரித்து, மடிப்பைப் படியவைத்து, அதன் ஓரமாக இரண்டாந் தையல். இப்போது வெட்டுவாய் எங்கும் தெரியாது. இழுவையையும் இரண்டு வரிசைகள் பகிர்ந்துகொள்ளும்.

கையாற் தைப்போர் ஓட்டுத் தையலை நம்பலாகாது. ஊசியை முந்திய தையலின் முடிவிற்குத் திருப்பிக் குத்தி எடுக்கும் பின்தையலே உறுதியானது. தையல் நெருங்க நெருங்க உறுதி என்பது தவறான எண்ணம். மிக நெருக்கமான துளைகள் துணியைத் தபால் முத்திரையின் ஓரம்போல் ஆக்கிவிடும். அங்குலத்திற்குப் பத்துப் பன்னிரண்டு பொறித்தையல் போதும். நூலும் துணியினும் வலியதாக இருத்தல் நன்றன்று. அறுந்த நூலை மீண்டும் தைக்கலாம். கிழிந்த துணியை என் செய்வது?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போனபின், கிழக்குக் கரையிலே வாழ்வாதார உதவியாகத் தையற்பொறிகள் வழங்கப்பட்டன. பொறி நேராகத் தைக்கும். ஆனால் வீட்டுப் பொறிகள் பலவும் கடைத் துணிகளிற்போல் விளிம்பைச் சுற்றிக் கட்டித் தருவதில்லை. அவ்வேலையை மேற்சொன்ன மடிப்பே செய்துவிடும். மேல்நூல் கீழ்நூல் இரண்டும் துணியின் நடுவிற் பிணைகின்றனவா என்று துண்டுத் துணியில் முதலிற் பார்த்தல் நலம். ஒன்று கம்பிபோல் நேரே கிடந்தால் இழுத்தவுடன் அறும்.

பாடசாலைச் சீருடைக்கு மட்டும் இம்முறை முழுதும் பொருந்தாது. வளரும் பிள்ளையின் சட்டைக்குப் பக்க மூட்டில் ஓர் அங்குலம் விட்டு, விளிம்புகளைத் தனித்தனியே மடித்துத் தைத்தால், அடுத்த தவணையிற் பிரித்து அகலமாக்கலாம்.