வராத பிள்ளையை முதலில் அறிவோர்



1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி திறந்தார். பள்ளிக்குள் நுழைவதே அன்று போராட்டம். இன்றோ, பதிவேட்டில் பெயர் இருக்கிறது. வகுப்பில் பிள்ளை இல்லை. மாதம் இரண்டு நாள்தானே என்று நாம் வாளாவிருக்கிறோம். பத்து மாதத்தில் அது இருபது நாட்கள். தொடக்க வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த 200 வேலை நாட்களில் அது பத்தில் ஒரு பங்கு அன்றோ?

பிள்ளை நழுவுவதை முதலில் அறிபவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லர். தட்டு ஏந்தி வராதவன் யாரென்று சத்துணவுச் சமையலர் அறிவார். பாதி நாளில் வீடு திரும்பிய பெண் எவளென்று ஆயா அறிவார். மணியடித்த பின் வந்து, ஏச்சுக்கு அஞ்சித் திரும்பியவனைக் காவலர் அறிவார். இவர்கள் அறிந்ததைக் கேட்பார்தாம் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. மூன்று நாள் தொடர்ந்து ஒரு தட்டு குறைந்தால் சமையலர் தலைமையாசிரியரிடம் உரைக்கட்டும். தாமதித்து வந்த பிள்ளையைக் காவலர் கடியாது உள்ளே அனுப்பட்டும். கழிப்பறையில் தண்ணீர் இல்லையெனில் துப்புரவுப் பணியாளர் அன்றே தெரிவிக்கட்டும். வயதுவந்த பெண்கள் வராமைக்கு அதுவும் ஒரு காரணம். செங்கல் சூளைக்குக் குடிபெயரும் குடும்பத்திற்கு அலுவலகத்தார் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்கட்டும். அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுத்தலாகாது என்பதே சட்டம்.

ஒன்றை மறைத்தல் தகாது. சமையலர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தருமாறு 2004-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் நம் சகோதரி சமைத்த சோற்றை உண்ண மறுப்போர் பின்னரும் இருந்தனர். நம் பிள்ளையின் கையில் துடைப்பம் கொடுத்த பள்ளிகளும் உண்டு. இழிவுபட்ட பிள்ளை மறுநாள் எவ்வாறு வருவான்? அவ்வாறு ஏவப்படுவதைக் காணும் பணியாளர் வாய்மூடி இருத்தலாகாது. அவர் வாய் திறந்தால் அவர் வேலைக்கு ஊறு நேராவண்ணம் நாம் துணை நிற்றல் வேண்டும்.

குறைந்த ஊதியத்தில் உழைக்கும் அவர்கள் மீதே முழுச்சுமையையும் ஏற்றுதல் அறமன்று. அவர்கள் பெயரைச் சொல்லட்டும். வீடு தேடிச் செல்வது நம் கடன். இளைஞர்களே! தெருவுக்கு ஒருவர் அப்பொறுப்பை ஏற்பீராக. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளை நிறுத்தும் நம் வழக்கத்தையும் இன்றே விடுவோமாக.

காலியான ஓரிடமும் நம் வகுப்பறையில் இல்லாத நாளே நமக்கு மெய்யான வெள்ளி விழா.