இறுகிய சக்கர நட்டுகளும் ஏற்ற கருவிகளும்



கிராமத்து விளைபொருள் இக்காலத்தில் பெரும்பாலும் டயர் பூண்ட வண்டிகளிலேயே சந்தைக்குச் செல்கின்றது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் சிறு பாரவண்டி நடுவழியில் பஞ்சராகி நின்றால், உரிய நேரத்தில் சேராத சரக்குக்கு உரிய விலை கிடைப்பதில்லை. மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் இருந்தும், நட்டு அசைய மறுப்பதனாலேயே வண்டி நின்றுவிடுவதுண்டு. தக்க கருவி கைவசமிருப்பின் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நட்டு இறுகுவதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று துரு, மற்றொன்று, காற்று இயந்திரத்தைக் கொண்டு அளவுக்கு மீறி முடுக்குதல்.

கருவியில் முதலில் கவனிக்கவேண்டியது பொருத்தம். கார்களிலும் சிறு பாரவண்டிகளிலும் 17, 19, 21 மில்லிமீட்டர் நட்டுகளே பெரும்பாலும் காணப்படும். லாரி, டிராக்டர்களில் இன்னும் பெரியவை. சாக்கெட்டின் உட்புறம் ஆறு முனைகளுடையதாயிருத்தல் நலம். பன்னிரண்டு முனைகளுடையது இறுகிய நட்டின் மூலைகளை மழுக்கிவிடக்கூடும். மழுங்கிய நட்டுக்கு எந்த ஸ்பேனரும் பயன்படாது.

அடுத்தது பிடியின் நீளம். செக்கு மரம் நீண்டிருப்பதனாலன்றோ மாடு பெருஞ்சிரமமின்றி எண்ணெய் ஆட்டுகின்றது? அதே நியாயம் இங்கும் பொருந்தும். 25 செ.மீ. பிடியின் நுனியில் 40 கிலோ பாரத்தால் அழுத்தினால் சுமார் 98 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கிடைக்கும்; 60 செ.மீ. பிடியில் அதே பாரம் சுமார் 235 தரும். ஆகவே மெலிந்த தேகமுடையவரும் நீண்ட பிடியால் இக்காரியத்தை முடிக்கலாம்.

வண்டியுடன் வரும் குட்டையான எல் ஸ்பேனர் சாதாரண நட்டுகளுக்கே போதுமானது. நான்கு கையுள்ள ஸ்பேனரை இரு கைகளாலும் சமமாகத் திருப்பலாம். எனினும் அதன் கைகள் குட்டையானவை. சாக்கெட் மாட்டிய 60 செ.மீ. உறுதியான இரும்புப் பிடியே வண்டியில் வைத்திருக்கச் சிறந்தது. பல்லமைப்புள்ள ராட்செட் பிடியை இதற்கு உபயோகிக்கலாகாது, பற்கள் முறியும். குட்டை ஸ்பேனரில் குழாயைச் செருகி இழுப்பதும் அபாயகரமானது. குழாய் நழுவினால் கை முறியக்கூடும்.

சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே, கைப்பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, நட்டுகளைச் சற்றே தளர்த்தவேண்டும். ஜாக்கி ஏற்றுவது அதன் பின்னரே. சக்கரத்தை நோக்கியிருப்பவரின் இடப்பக்கமாகப் பிடி கிடையாக நிற்கும்படி மாட்டிக் கீழே அழுத்தினால் நட்டு தளரும். சில பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கரங்களில் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அவற்றை எதிர்ப்புறமாகவே திருப்பவேண்டும். துருப்பிடித்த நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயிட்டுச் சிறிது நேரம் ஊறவிடுக. காற்றடைத்த டயருள்ள சக்கரத்தின் நட்டைத் தீயிட்டுச் சூடாக்குதல் ஒருபோதும் கூடாது. டயர் வெடித்து உயிர்ச்சேதம் நேரக்கூடும்.

மறுபடி பூட்டுமுன் மரையிலுள்ள எண்ணெயையும் துருவையும் துடைத்து, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முடுக்கவேண்டும். அளவு காட்டும் டார்க் ரெஞ்சைக் கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ பொதுவில் ஒன்று வாங்கி வைத்தால், வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கே முடுக்கலாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சோதித்தல் அவசியம். அளவுக்கு மீறினால் போல்ட் இழுபட்டு முறியும்; குறைந்தாலோ சக்கரமே கழன்றுவிடும்.

வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் வீட்டு வாசலிலேயே ஒரு நாள் தம் கருவியை எல்லா நட்டுகளிலும் மாட்டிப் பார்ப்பாராக. அங்கு தளராத நட்டு நடுவழியிலும் தளராது.