சீருடை களைந்த பின்னர்

போர்க்களத்தில் வீரன் ஆற்றும் தொண்டைப் பற்றி நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். சீருடையைக் களைந்து ஊர் திரும்பிய பின் அவன் எதை நம்பி வாழ்கிறான் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எங்கள் வேப்பந்தட்டைப் பகுதி பெரிதும் வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பி விளைகின்றன. இத்தகைய ஊர்களில் பட்டாளத்துச் சம்பளம், மழை பொய்த்தாலும் பொய்க்காத வருவாய். அது நின்றுவிட்டால் குடும்பம் என் செய்யும்?

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் இவ்வினா பல நாடுகளின் முன் நின்றது. அமெரிக்கா 1944-ல் ஒரு சட்டம் இயற்றியது. வேலை கிட்டாத முன்னாள் வீரருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரங்கள் வரை உதவித்தொகை வழங்க அது வகை செய்தது. பொதுவாக, அவர் 90 நாட்களேனும் பணிபுரிந்திருக்க வேண்டும். இழிவுற நீக்கப்பட்டவராக இருத்தல் கூடாது.

இந்தியா வேறு வழியை மேற்கொண்டது. சுமார் 25 லட்சம் பேர் கொண்ட படை கலையவிருந்த வேளையில், 1945 ஜூலையில் மறுவாழ்வு வேலைவாய்ப்புத் துறை ஏற்படுத்தப்பட்டது. நீங்கள் பெயர் பதியும் வேலைவாய்ப்பு அலுவலகம் அவ்வீரர்களுக்காகத் தோன்றியதே. 1948-ல்தான் அதன் கதவு அனைவருக்கும் திறந்தது. பணம் கொடுப்பதினும் பணி கொடுப்பதே மேல் என்பது அதன் கருத்து.

அக்கருத்து இன்றும் நிலவுகிறது. 15 ஆண்டுகள் பணியாற்றிய சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. 1979-ஆம் ஆண்டு விதிகள் மத்திய அரசின் மூன்றாம் நிலைப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 விழுக்காடு ஒதுக்கின. ஆனால் படையிலிருந்து வந்தோர் அனைவரும் 'முன்னாள் படைவீரர்' ஆகிவிடார். ஓய்வூதியத் தகுதி பெறுமுன் தம் விருப்பத்தால் விலகியவரும், ஒழுக்கக் கேட்டினால் நீக்கப்பட்டவரும் பொதுவாக அப்பெயருக்கு உரியரல்லர். ஆகவே, விடுவிப்புச் சான்றில் எழுதப்பெறும் காரணம் ஒருவரின் எதிர்காலத்தையே நிர்ணயிக்கிறது.

தமிழக அரசு வேலையற்றோர்க்கு உதவித்தொகை அளிக்கிறது. அதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். படையிலிருந்து வந்த பிறகு பதிபவருக்கு அந்த முதல் ஆண்டுகளில் அது கைகொடாது.

இது உங்கள் வயதினரைத் தொடும் செய்தி. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன் பின் 25 விழுக்காட்டினர் வரையே தொடர்வர். ஏனையோருக்குச் சேவை நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிட்டும். அதில் ஒரு பாதி அவர்தம் ஊதியத்தில் பிடிக்கப்பெற்றதே. ஓய்வூதியமும் 'முன்னாள் படைவீரர்' என்னும் தகுதியும் அவர்களுக்கு இல்லை.

பணி தேடித் தருவது நன்று. எனினும், பணி கிட்டும் வரையிலும் அடுப்பு எரிய வேண்டுமே! அந்த இடைக்காலத்திற்கு, கால வரையறையுள்ள ஓர் உதவித்தொகை உரிமையாகவே கிடைத்தல் வேண்டும் என்பது என் துணிபு. படைக்குச் செல்ல விழையும் இளைஞர்களே, சேரும் நிபந்தனைகளை மட்டுமன்று, விடுபடும் நிபந்தனைகளையும் படித்தறிந்து செல்லுங்கள்.