தாயின் பெயர் போதும்

திருமணமாகாத ஒரு தாய். அரசு அதிகாரி. தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை வாரிசுதாரராக நியமிக்கப் போனார். தகப்பன் பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதுகாவலர் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். நீதிமன்றம் போனால், அங்கும் தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றமும் கைவிரித்தது.

2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிள்ளையைத் திரும்பிப் பார்க்காத தகப்பனுக்கு நோட்டீஸ் தேவையில்லை, பார்க்க வேண்டியது பிள்ளையின் நலனைத்தான் என்றது. தனித்து வாழும் தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது. எவ்வளவு காலம் எத்தனை தாய்மார்கள் அரசு அலுவலகக் கவுன்ட்டர்களில் கூனிக்குறுகி நின்றிருப்பார்கள்!

அதற்காகத் தகப்பன் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. மணமாகாமல் பிறந்த பிள்ளைக்கும் அவர் ஜீவனாம்சம் கொடுத்தே ஆகவேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு. நான் தகப்பனே இல்லை என்று மறுத்தால், மரபணுப் பரிசோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பாதுகாவலர் யார்? இந்துச் சட்டப்படி முதல் உரிமை தாய்க்கு, அடுத்துதான் தகப்பனுக்கு.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்கவேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100.