தகரத்தில் குத்திய எண்
(வாவிக்கரைக் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



படுவான்கரையில் வாழும் நமது குடும்பம் ஒன்று, காலஞ்சென்ற பாட்டியின் சுருக்குப்பையைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தது. நடுவில் மரம் பொறித்த செப்புச் சதங்கள், சதுரமான ஐந்து சதக் காசுகள், அவற்றோடு ஓட்டை போட்ட ஒரு தகர வில்லை. "இது எந்தக் காலத்துக் காசு?" என்று கேட்டார்கள். அது காசே அல்ல என்பதுதான் எங்கள் பதில்.

எப்படிச் சொல்கிறோம்? அரசாங்கக் காசில் பெறுமதி இருக்கும், ஆண்டு இருக்கும், அந்தக் காலத்துக் காசென்றால் மன்னர் அல்லது மகாராணியின் தலையும் இருக்கும். கோப்பிக் காலத்தில் கொழும்பு வியாபாரிகள் கூலிக்காக அடித்த வில்லைகளும் உண்டு. அவற்றில் கம்பனியின் பெயர் இருக்கும். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் வேகந்த மில் வில்லையில் 1843 என்ற ஆண்டே இருக்கிறது. பாட்டியின் தகரத்தில் தலையும் இல்லை, விலையும் இல்லை, கம்பனிப் பெயரும் இல்லை. ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும்தான். ஓட்டை கயிறு கோக்க. இது நம் முன்னோரின் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறை வந்தது. தோட்டம் தன் கங்காணியிடம் துண்டுகளைக் கொடுத்தனுப்பும். அவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்து, ஆளுக்கொன்று கட்டிவிடுவார். எழுத்தும் ஓர் எண்ணும் தோட்டத்தைச் சொல்லும். மற்ற எண் ஆளைச் சொல்லும். பெயருக்கு அதில் இடமில்லை. துண்டைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் கையில் காசு வேண்டாம். ஆனால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கிலும் ஆட்களின் கணக்கிலும் கடனாக எழுதும். ஒரு கொழுந்து கிள்ளும் முன்பே கடன் ஏறிவிட்டது.

இதைக் காகிதத் 'துண்டோடு' குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஆளின் கடன் கணக்கைச் சொன்ன சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் போட முடியாது. அந்த முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம், ஆள் கொண்டுவரும் செலவை முதலாளிமார் கட்டும் நிதியிலிருந்து கொடுக்க வைத்தது.

தோழர்களே, இந்தத் தகரம் நமக்கு ஏன் முக்கியம்? நம் ஆட்களைத் தலைக்கு ஓர் எண் போட்டு, கடனைச் சதம் சதமாக எழுதிவைத்தார்கள். அதே நாட்டில் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, "உன் தகப்பன் இங்கே பிறந்தானா? பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அத்தாட்சி எங்கே?" என்று நம்மிடமே கேட்டார்கள். லயத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பதிவே இருக்கவில்லை. 1964 ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. 1977இலும் 1983இலும் மலையகத்தில் அடிபட்டு இந்த வாவிக்கரைக்கு வந்தவர்கள், இருந்த கொஞ்சக் கடதாசிகளையும் விட்டுவிட்டு வந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்கூட, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள் என்றுதான் சொல்கிறது. அதையும் காட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

தகரத் துண்டு ஒன்றை மட்டும் வைத்து எந்தக் கந்தோரிலும் உரிமை கேட்க முடியாது. ஆனால் எந்தத் தோட்டம் என்று தேடத் தொடங்க அது ஒரு நுனி. ஆகவே சில காரியங்கள் செய்யுங்கள்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். மேலே மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் உரசினால் எண் தெளிவாக விழும். பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று மூத்தவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, சேமலாப நிதி அட்டை ஆகியவற்றையும் ஒரே பையில் போட்டு, நகல் ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பெட்டிகளில் இருப்பதைக் கொண்டுவாருங்கள். எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். எண்ணுக்குப் பக்கத்தில் இம்முறை பெயரையும் எழுதுவோம்.