பாலர்க்குக் கணிதம் போதித்தல்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் கணக்கிற் கெட்டிக்காரர் என்று பிறர் சொல்லக் கேட்டு நாம் மகிழ்வதுண்டு. அக்கெட்டித்தனத்தை வளர்த்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதிய பாலர் எண்சுவடியை முறை வைத்து ஒப்புவித்தனர். முந்திரி 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. வீசம் 16-இல் ஒரு பங்கு. ரூபாயில் வீசம் ஓரணா, அரைக்கால் இரண்டணா. ஆதலின் வாயில் ஏறியது கடையில் உதவிற்று. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, ரூபாய்க்கு 100 காசு என்னும் ஏற்பாடு வந்தது. அணா மெல்ல மறைந்தது. மனப்பாடமே கணக்கு என்னும் எண்ணமோ நம் வீடுகளை விட்டு மறையவில்லை. வாய்ப்பாடு தப்பிய குழந்தையை இன்றும் 'மண்டு' என்று ஏசுகிறோம்.

குழந்தையின் பிழையைச் சற்று உற்று நோக்குவோம். 'நூற்றெட்டு' எழுது என்றால் 1008 என்று எழுதும் பாலர் பலர். இது மூடத்தனமன்று. நூற்றுக்கு 100, எட்டுக்கு 8 என்று காதில் விழுந்தபடியே எழுதுகின்றனர். பழந்தமிழ்க் கணக்கர் நூற்றுக்குத் தனிக் குறியிட்டுப் பக்கத்தில் எட்டை இட்டு ௱௮ என்றே எழுதினர். அம்முறையில் பூஜ்யம் வேண்டியதில்லை. இக்காலத்து எழுத்திலோ இடமே மதிப்பைத் தருகிறது. அவ்விடத்தைக் காட்டாமல் பிரம்பைக் காட்டிப் பயன் என்ன?

கழித்தலும் அவ்வாறே. 52-இல் 27 போக 35 என்பான் சிறுவன். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்ற பாடத்தை ஒன்றன் இடத்திலும் செலுத்தி, 7-இல் 2 போக 5 என்றான். அவனிடம் ஈர்க்குகளைக் கொடுங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய கட்டு 5, உதிரி 2. ஏழு உதிரி எடுக்கப் போதாது. ஒரு கட்டை அவனே அவிழ்க்கட்டும். இப்போது கட்டு 4, உதிரி 12. இரண்டு கட்டும் ஏழு உதிரியும் எடுத்தால் 2 கட்டும் 5 உதிரியும் மிஞ்சும். விடை 25. 'கடன் வாங்குதல்' என்பதன் பொருளைக் கையே அறிந்துகொள்ளும்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வரிசைக்கு எட்டாகப் புளியங்கொட்டைகளை ஏழு வரிசை அடுக்கி எண்ணிய பின்னர் 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று ஓதினால், அது நெஞ்சில் நிலைக்கும். மறந்தாலும் மீண்டும் அடுக்கிக் கண்டுகொள்ளலாம். இதற்குப் பெரும் படிப்பு வேண்டா. பல்லாங்குழி ஆடத் தெரிந்த பாட்டிமார் எவரும் நல்ல உபாத்தியாயினிகளே.

இம்மாகாணத்து அரசாங்கப் பள்ளிகளில் 2022-ஆம் வருஷம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பெற்றது. எட்டு வயதிற்குள் அடிப்படை அமைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் சங்கமோ பத்தாம் வகுப்பில் நூறு வாங்கியவர்க்கே பரிசளித்து வருகிறது. எட்டு வயதில் கணக்கைக் கண்டு நடுங்கிய பிள்ளை அம்மேடைக்கு எங்ஙனம் வருவான்? ஏறியவனுக்கு மாலையிடுகிறோம், ஏற மாட்டாதவனுக்குப் படி கட்டினோமில்லை.

ஆதலால் நம் வேண்டுகோள் ஒன்று. பரிசு நிதியில் ஒரு பாதியை ஒதுக்கி, சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் மாலையில் பாலர் கணித வகுப்பு நடத்த வேண்டும். நம் குலத்துப் பிள்ளைகளோடு இத்தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அங்கு வந்து அமரட்டும்; எண்ணுக்குக் குலபேதம் இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு அங்கத்தினர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறோம்.